சோதனைச்சாலைக்குப் பூட்டு, சுவருக்கு டெலிவிஷனா?

2022 பிப்ரவரி 1-ந் தேதி மத்திய நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் பார்லிமெண்டில் பட்ஜெட் வாசித்தார். அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இரண்டு வரங்கள் அருளப்பட்டன. ஒன்று, விஞ்ஞானத்திற்கும் கணிதத்திற்கும் 750 'மெய்நிகர் சோதனைச்சாலைகள்'. மற்றொன்று, வகுப்புக்கு ஒரு டெலிவிஷன் சானல் என்ற திட்டத்தில் 12 சானல்கள் 200 ஆகப் பெருகும். கொரோனாக் காலத்தில் கிட்டத்தட்ட இரண்டு வருஷப் படிப்பை இழந்தவர்கள் முக்கியமாகக் கிராமத்துப் பிள்ளைகளும் தாழ்த்தப்பட்ட, மலைவாழ் மக்களின் பிள்ளைகளும்தான் என்று அதே உரை ஒப்புக்கொண்டது. நோய் என்னவென்று சரியாகவே சொன்னார்கள். ஆனால் மருந்து கேட்டவனிடம் மருந்து பாட்டிலின் படத்தை எடுத்து நீட்டினார்கள்.

'மெய்நிகர்' என்றால் என்ன? மெய் போலத் தோன்றுவது, மெய் அல்ல. அங்கே அமிலம் கிடையாது, கண்ணாடிக் குடுவை கிடையாது, தராசு கிடையாது, விளக்கு கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் குடுவையின் படம் இருக்கும். பிள்ளை பொத்தானைத் தட்டினால், படத்துக் குடுவையில் படத்துத் திரவம் நிறம் மாறும். கையில் கறை படாது, மூக்கில் நெடி ஏறாது, எதுவும் உடையாது. சர்க்காருக்கும் குடுவை வாங்கும் செலவு மிச்சம்!

இந்த வாரச் சனிக்கிழமை மில் வாசலில் மானேஜர் வந்து, "இனி உங்களுக்கு மெய்நிகர் கூலி, திரையில் ரூபாய் நோட்டுத் தெரியும், தொட்டுப் பார்க்க முடியாது" என்று சொன்னால் நாம் என்ன சொல்லுவோம்? நடவு முடிந்து கரையேறிய பெண்களிடம் பண்ணைக்காரர் நெல்லின் படத்தைக் காட்டினால் அவர்கள் என்ன சொல்லுவார்கள்? அதை இங்கே அச்சிட முடியாது.

இதைக் கேட்டதும் சில பெரிய மனிதர்கள் நம்மைப் பார்த்து, "பார்த்தீர்களா, இவர்கள் இயந்திரத்துக்கு விரோதிகள், முன்னேற்றத்துக்கு விரோதிகள்" என்று கூச்சல் போடுவார்கள். அந்தப் பழி நமக்குப் புதிதல்ல. இயந்திரத்தோடு பிறந்து வளர்ந்தவன் மில் தொழிலாளி. அதன் மேல் அவனுக்கு விரோதம் கிடையாது. இந்த இயந்திரம் யார் கையில் இருக்கிறது, யாருடைய வேலையைச் செய்கிறது, யாரை வெளியே தள்ளிவிட்டு உள்ளே வருகிறது என்று அவன் கேட்கிறான். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரைப் பற்றியும் நாம் கேட்பது அதே கேள்விதான்.

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நம் பக்கத்திலேயே சொல்லுகிறவர்கள் உண்டு. "நம்ம பிள்ளைக்கு எதற்கப்பா அதெல்லாம், எழுதப் படிக்கத் தெரிந்தால் போதாதா" என்று சொல்லுகிறவர்கள். அவர்களோடும் நமக்குச் சண்டை உண்டு. பணக்காரன் பிள்ளை எதைத் தொட்டுப் படிக்கிறதோ அதை நம் பிள்ளையும் தொட்டுப் படிக்க வேண்டும். ஒரு அங்குலம் குறைந்தாலும் சம்மதிக்கக் கூடாது.

எப்போதும் நூறு டிகிரி!

தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? புத்தகம் சொல்லுகிறது: நூறு. சுவரில் மாட்டிய ஸ்மார்ட் போர்டும் சொல்லுகிறது: நூறு. வண்ணப் படத்தில் குமிழிகள் எழும்பும், பின்னால் சங்கீதம் கூட வரும், வெப்பமானி நூறில் போய் நிற்கும். நாளைக்குப் போட்டாலும் நூறு; அடுத்த வருஷம் போட்டாலும் நூறு.

வால்பாறையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் பிள்ளை ஒரு நிஜ அடுப்பில் நிஜத் தண்ணீரை வைத்து ஒரு நிஜ வெப்பமானியை விடட்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்; வெப்பமானி 96 டிகிரியைச் சுற்றி நின்றுவிடும். விறகை எவ்வளவு தள்ளினாலும் ஏறாது. கொடைக்கானல் உயரத்தில் 93-ஐ ஒட்டி நிற்கும்.

அப்போது அந்தப் பிள்ளை என்ன செய்யும்? முதலில் வெப்பமானியைச் சந்தேகிக்கும். வேறொன்றை வாங்கிப் போட்டுப் பார்க்கும். அதுவும் 96. பிறகு தண்ணீரைச் சந்தேகிக்கும். ஓடைத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், மழைத் தண்ணீர் என்று மாற்றிப் பார்க்கும். அப்போதும் 96. கடைசியில் புத்தகத்தைச் சந்தேகிக்கும். உபாத்தியாயரிடம் போய், "சார், புத்தகம் தப்பு" என்று சொல்லும். அந்த உபாத்தியாயர் நல்லவராயிருந்தால், மலை மேலே காற்று மெலிந்து அழுத்தம் குறைவதையும், கொதிப்பது என்பது அந்த அழுத்தத்தோடு தண்ணீர் நடத்தும் சண்டை என்பதையும், தோட்டத்து லயத்தில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது என்பதையும், பிரஷர் குக்கர் ஏன் விசில் அடிக்கிறது என்பதையும் ஒரே பிரியடில் சொல்லி முடிப்பார். அந்தப் பாடம் சாகும் வரை மறக்காது.

புத்தகம் சொன்னதை நம்பாமல் கையால் செய்து பார்ப்பதும், ஒத்துவராதபோது ஏன் என்று குடைவதும்தான் விஞ்ஞானம். திரை ஒருபோதும் ஒத்துவராமல் போகாது. யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து, நூறு என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார். அது நூறு என்றுதான் ஒப்பிக்கும். பழைய பள்ளிக்கூடத்தில் பிரம்பு வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். இப்போது பிரம்பு இல்லை, வண்ணப் படம் இருக்கிறது. மனப்பாடம் அப்படியேதான் இருக்கிறது.

இந்த வித்தியாசம் பணக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். வருஷத்துக்கு லட்சக்கணக்கில் கட்டணம் வாங்குகிற பள்ளிக்கூடங்களின் விளம்பரங்களைப் பாருங்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கையில் குடுவையோடு நிற்கும் பிள்ளையின் படம்தானே முதலில் வருகிறது? அங்கே திரையும் உண்டு, குடுவையும் உண்டு. நம் பிள்ளைக்கு மட்டும் திரை போதும் என்கிறார்கள். என்னே கரிசனம்!

திரையில் மட்டும் பார்த்துப் பழகிய பிட்டரை எந்த முதலாளி ரிங் பிரேமின் பக்கத்தில் விடுவார்? படத்தில் டிராக்டர் ஓட்டிய பையனை எந்த நிலக்காரர் தன் வண்டியில் ஏற்றுவார்? தன் சொத்து என்று வந்தால் அவர்களுக்குக் கைப்பழக்கம் வேண்டும். நம் பிள்ளையின் படிப்பு என்று வந்தால் படம் போதுமாம்!

கையில் வந்தால் கருவி

அப்படியானால் கம்ப்யூட்டரும் செல்போனும் விஞ்ஞானப் பாடத்துக்கு உதவாதவையா? நன்றாக உதவும். எப்படி உதவும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லுகிறோம். விற்க வருகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கீழே விழுகிற பொருள் போகப் போக வேகமெடுக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். எந்தக் கணக்கில் வேகமெடுக்கிறது? கலிலியோ இதைக் கண்டுபிடிக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. நேராக விழும் பொருளை அளக்க அவரிடம் கடிகாரம் இல்லை. அதனால் சாய்வான பலகையில் குண்டை உருட்டி, ஒரு பாத்திரத்திலிருந்து ஒழுகும் தண்ணீரைப் பிடித்து நிறுத்து, அந்த எடையைக் கொண்டு நேரத்தைக் கணக்கிட்டார். 1638-ல் அச்சான தமது புத்தகத்தில் அதை எழுதி வைத்தார்.

இன்று உங்கள் வீட்டில் இருக்கும் சாதாரணச் செல்போன் விநாடிக்கு 30 படம் எடுக்கிறது. சுவரில் கரிக்கட்டியால் சென்டிமீட்டர் கோடு போட்டு, மேலேயிருந்து ஒரு பந்தை விட்டு, படம் பிடியுங்கள். பிறகு மூன்று படத்துக்கு ஒரு படமாக நிறுத்திப் பாருங்கள். விநாடியில் பத்தில் ஒரு பங்கில் பந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் விழுந்திருக்கும். இரண்டு பங்கில் 20. மூன்று பங்கில் 44. நான்கு பங்கில் 78. ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறு! கலிலியோ கண்ட விதி, கூலிக்காரன் வீட்டுக் கரிக்கோட்டுச் சுவரில்! இங்கேயும் திரைதான். ஆனால் இங்கே திரை பாடம் நடத்தவில்லை, அளந்து கொடுக்கிறது. பந்து நிஜம், சுவர் நிஜம், கோடு போட்ட கை நிஜம். கோடு கோணலாயிருந்தால் கணக்கும் கோணலாகும். ஆகட்டும்! அப்போதுதானே ஏன் என்று கேட்கத் தோன்றும்.

ஜெர்மனியில் ஆகன் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2016-ல் 'ஃபைஃபாக்ஸ்' என்று ஒரு செயலி வெளியிட்டார்கள். காசு கிடையாது. செல்போனுக்குள் ஏற்கெனவே இருக்கும் மைக், காந்தமானி, முடுக்கமானி ஆகியவற்றை அது அளவைக் கருவிகளாக மாற்றிவிடும். நம் நாட்டிலேயே, டெல்லியில் பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் நடக்கும் முடுக்கி மையத்தில், விஞ்ஞானி அஜித்குமாரும் அவரது சகாக்களும் 'எக்ஸ்பைஸ்' என்ற ஒரு சின்னப் பெட்டியை உருவாக்கினார்கள். சட்டைப் பையில் அடங்கும். கம்ப்யூட்டரில் சொருகினால் மின்னழுத்தம் அளக்கும், ஒலியின் அலையை வரைந்து காட்டும், வெப்பத்தைக் குறிக்கும், ஊசல் போய்வரும் நேரத்தைக் கண்ணிமைப்பிலும் சிறிய துல்லியத்தில் சொல்லும். அதன் வரைபடத்தையும் மென்பொருளையும் பூட்டி வைக்காமல், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று திறந்து விட்டிருக்கிறார்கள். அதன் விலை சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். சுவரில் மாட்டும் பெரிய பலகை ஒன்றின் விலைக்குப் பள்ளிக்கூடம் முழுவதற்கும் பெட்டி வாங்கிவிடலாம்.

இத்தகைய கருவி பிள்ளை கையில் இருந்தால் விஞ்ஞானம் வகுப்பறைக்குள் அடங்கிக் கிடக்காது. நாற்றங்கால் தண்ணீர் விடியற்காலையில் என்ன சூடு, உச்சி வெயிலில் என்ன சூடு என்று அளக்கலாம். பம்பு செட் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று பார்க்கலாம். மில்லில் அப்பா எட்டு மணி நேரம் நிற்கிற இடத்தில் இரைச்சல் எவ்வளவு, எந்த அதிர்வு அதிகம் என்று பிள்ளை கண்டுபிடிக்கலாம். மேஸ்திரிக்கு அது அவ்வளவு ருசிக்காது. அது வேறு விஷயம்.

இங்கே எதிர்த்தரப்பின் மிகப் பலமான வாதத்தையும் சொல்லிவிடுவோம். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில், 2001-ல் பௌதிகத்திற்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் 'பெட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். மின்சுற்று, அணு, அலை முதலியவற்றைத் திரையில் மாற்றிப் போட்டுப் பார்க்கும் படங்கள். அவையும் இலவசம், அவையும் நல்லவை. அங்கே 2005-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. நிஜக் கம்பியும் பல்புமாகப் பழகிய மாணவர்களைவிட, திரையில் மின்சுற்றுப் பழகிய மாணவர்கள் விஷயத்தை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பிறகு நிஜக் கம்பியைக் கொடுத்தபோது அதையும் நன்றாகவே இணைத்தார்கள். "பார்த்தீர்களா!" என்று இதைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள்.

பார்த்தோம். மறுக்கவில்லை. ஓடும் எலெக்ட்ரானைக் கம்பியில் பார்க்க முடியாது, திரையில் பார்க்கலாம். அதற்குத் திரைதான் சிறந்தது. ஆனால் அந்த மாணவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் கையால் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். அருகில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார். அது சோதனைச்சாலைக்குள்ளேயே நடந்தது. கடைசியில் அவர்கள் கற்றார்களா என்று தீர்ப்புச் சொல்லியவற்றில் அந்த நிஜக் கம்பியும் உண்டு. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே ஒரு திரையை மாட்டி, பொத்தானை ஒருவர் அமுக்க, மற்றவர்கள் கொட்டாவி விடுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஹோஷங்காபாத் சொன்ன பாடம்

கையால் செய்து கற்பது ஏழை நாட்டில் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக் கதையைக் கேட்க வேண்டும். அங்கே 1972-ல் 16 கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில், கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராமிய மையம் என்ற இரண்டு ஸ்தாபனங்கள் ஒரு விஞ்ஞானக் கல்வித் திட்டத்தை ஆரம்பித்தன. டாட்டா ஆராய்ச்சிக் கழகத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் ரயிலேறி வந்து கிராமத்து உபாத்தியாயர்களோடு உட்கார்ந்தார்கள். 1978-ல் மாவட்டம் முழுவதும் பரவிற்று. 1982-ல் 'ஏகலவ்யா' என்ற அமைப்பு பொறுப்பேற்றது. பிறகு 15 மாவட்டங்களில் ஆயிரம் பள்ளிகள் வரை போயிற்று.

என்ன சாமான்? தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், சின்ன லென்சு, காந்தம், கண்ணாடிக் குழாய். இவைதான். விவசாயி வீட்டுப் பிள்ளைகள் நாலு நாலு பேராக உட்கார்ந்து செய்து பார்த்தார்கள். விடையைப் புத்தகம் சொல்லாது; கேள்வியை மட்டும்தான் சொல்லும். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம். செய்முறைக்குத் தனிப் பரீட்சை. உபாத்தியாயர்களுக்கு வருஷா வருஷம் பயிற்சி. சவாலிராம் என்று ஒரு கற்பனை ஆசாமி. அவருக்குப் பிள்ளைகள் கடுதாசி போட்டுச் சந்தேகம் கேட்பார்கள், பதில் வரும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இத்தனையும் நடந்தது.

அதற்கு என்ன கதி நேர்ந்தது? முப்பது வருஷம் ஓடிய திட்டத்தை 2002-ல் ராஜ்ய சர்க்கார் மூடிற்று. நாடு முழுவதும் விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் ஆட்சேபித்தார்கள், காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிற பிள்ளை நாளைக்கு எதையெதையெல்லாம் ஏன் என்று கேட்கும் என்ற பயம் அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்கு உண்டு என்பது நம் அபிப்பிராயம்.

அந்தத் தீக்குச்சிப் பெட்டியோடு இன்றைய எக்ஸ்பைஸ் பெட்டியும் ஒரு செல்போனும் சேர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! சவாலிராமுக்குப் போட்ட கடுதாசிக்கு அன்று மாலையே பதில் வந்திருக்கும்.

தூசி படிந்த பெட்டிகள்

நம் நாட்டில் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வருவது இது முதல் தடவையல்ல. 1984-ல் மத்திய சர்க்கார் ஆர்ப்பாட்டமாக ஒரு திட்டம் தொடங்கிற்று. பிரிட்டனிலிருந்து 'பி.பி.சி. மைக்ரோ' கம்ப்யூட்டர்கள் 250 பள்ளிக்கூடங்களில் வந்து இறங்கின. அந்தப் பெட்டிகள் காட்சிப் பொருளாகிப் பிறகு காணாமலே போயின. 2004 செப்டம்பர் 20-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கல்விக்கென்றே 'எடுசாட்' செயற்கைக்கோள் பறந்தது. நம் விஞ்ஞானிகளின் சாதனை; அதில் சந்தேகமில்லை. வானத்தில் ராக்கெட் சரியாக வேலை செய்தது. பூமியில் பல இடங்களில் டெலிவிஷன் வேலை செய்யவில்லை. ரிப்பேருக்கு ஆள் இல்லை, பாடம் தயாரிக்க ஏற்பாடு இல்லை. கணக்குத் தணிக்கை அதிகாரியே பின்னர் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டி வந்தது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். தென் அமெரிக்காவில் பெரு நாட்டு சர்க்கார் 2008 முதல், பிள்ளைக்கு ஒன்று என்று எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகளைக் கொடுத்தது. பிறகு 319 கிராமத்துப் பள்ளிகளில் ஆராய்ந்தார்கள். 2012-ல் முடிவு வெளியாயிற்று. கணக்கிலும் மொழிப் பாடத்திலும் பிள்ளைகளின் தேர்ச்சி கூடியதற்கு அத்தாட்சி கிடைக்கவில்லை. பெட்டி வந்தது, உபாத்தியாயருக்குப் போதிய பயிற்சி வரவில்லை. ஏரைக் கொடுத்து மாட்டைக் கொடுக்காத கதை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2011 முதல் பிளஸ் டூ மாணவர்களுக்கு ராஜ்ய சர்க்கார் கொடுத்த விலையில்லா மடிக்கணினி லட்சோப லட்சம் ஏழை வீடுகளில் முதல் கம்ப்யூட்டராக நுழைந்தது. அதைக் கேலி செய்த மேதாவிகளோடு நாம் சேரமாட்டோம். 2017-18-ல் மத்திய சர்க்கார் எடுத்த மாதிரிச் சர்வேயில், நாட்டின் கிராமத்து வீடுகளில் 100-க்கு 4.4 வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. அந்த நிலையில் கூலிக்காரன் மகள் கையில் ஒரு மடிக்கணினி என்பது சின்ன விஷயமா? ஆனால் அதைக் கொண்டு என்ன செய்வது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பல வீடுகளில் அது சினிமாப் பெட்டியானது பிள்ளையின் குற்றமல்ல.

2024-ல் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், மேல் வகுப்புகளுக்கு 8,209 ஹைடெக் லேபுகள் என்று கணக்கு வந்தது. நல்லது, வரட்டும். அதைவிட நமக்குப் பிடித்தது 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய 'வானவில் மன்றம்'. சோதனைச் சாமானை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போய், ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கையால் செய்யச் சொல்லும் ஏற்பாடு. தீக்குச்சி, பலூன், காந்தம். கிட்டத்தட்ட ஹோஷங்காபாத் வழி. ஆனால் பதின்மூன்றாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளுக்குச் சுமார் 710 பேர்! ஒருவருக்குப் பதினெட்டு, பத்தொன்பது பள்ளிக்கூடம். வானவில் என்று தெரிந்துதான் பெயர் வைத்தார்கள் போலிருக்கிறது, எப்போதாவதுதான் தென்படும்.

சாமானுக்குப் பணம், ஆளுக்குப் பஞ்சம்

முடிச்சு இங்கேதான் இருக்கிறது. சாமான் வாங்க எந்த சர்க்காரும் தயங்குவதில்லை. டெண்டர் உண்டு, கம்பெனி உண்டு, திறப்பு விழா உண்டு, மந்திரிக்கு மாலை உண்டு. ஆள் போடுவது என்றால் மட்டும் கஜானா காலி. 2012-ல் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்பயிற்சி, தையல், கம்ப்யூட்டர் முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதி நேர உபாத்தியாயர்களை நியமித்தார்கள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய்! அன்றைக்கு ஒரு கொத்தனாருக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. 2015-ல் 4,362 சோதனைச்சாலை உதவியாளர் வேலைக்குப் பரீட்சை வைத்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் எழுதினார்கள். முடிவு வந்தது 2017-ல். ஆள் போட இரண்டு வருஷம். பலகை மாட்ட இரண்டு நாள்.

சோதனைச்சாலை உதவியாளர் என்றால் ஏதோ எடுபிடி என்று நினைக்கிறார்கள். மில்லில் பிட்டர் இல்லாமல் ஒரு ஷிப்டு ஓட்டிப் பாருங்கள்! குடுவையைக் கழுவி, அமிலத்தைக் கலந்து, பாட்டரியைச் சரிபார்த்து, நாற்பது பிள்ளைகளுக்கும் எடுத்து வைத்து, உடைந்ததைப் பட்டியல் போடுகிற ஆள் இல்லையென்றால் எந்த உபாத்தியாயர் சோதனைச்சாலையைத் திறக்கத் துணிவார்? பூட்டியே கிடக்கும். பூட்டியே கிடந்தால், "சோதனைச்சாலையைத்தான் யாரும் உபயோகிப்பதில்லையே, மெய்நிகர் சோதனைச்சாலை வைத்துவிடலாம்" என்று டெல்லியிலிருந்து யோசனை வரும். ஆட்டைப் பட்டினி போட்டுவிட்டு, மெலிந்த ஆட்டுக்கு எதற்குப் பட்டி என்று கேட்பது போல!

டெல்லிக்காரர்களின் யோக்கியதையையும் மறக்க வேண்டாம். 'பி.எம். ஸ்ரீ' திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக, 2024-25-ம் வருஷத்துக்குத் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. உபாத்தியாயர் சம்பளமும் பயிற்சியும் சாமானும் அந்த நிதியிலிருந்துதான் வர வேண்டும். ஒரு கையால் பிள்ளைகளின் கஞ்சிக் கலயத்தைப் பறித்துக்கொண்டு மறு கையால் 'டிஜிட்டல் பாரதம்' என்று கொடி ஆட்டுகிறவர்களை என்னவென்று சொல்லுவது? நாடு முழுவதும் 2023-24-ல் கம்ப்யூட்டர் இருந்த பள்ளிக்கூடங்கள் நூற்றுக்கு 57, இன்டர்நெட் இருந்தவை 54 என்று அவர்களுடைய புள்ளிவிவரமே சொல்லுகிறது. மற்றப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு மெய்நிகர் கூடக் கிடையாது, வெறும் நிகர்தான்!

சர்க்கார் பின்வாங்கிய இடத்தில் யார் புகுந்தார்கள்? 'பைஜூஸ்' கம்பெனியை நினைவிருக்கிறதா? கிரிக்கெட் வீரர்களின் சட்டையெல்லாம் அதன் பெயர். 2022-ல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். அதே வருஷம் டிசம்பரில், கடனில் மாட்டிவிட்டுப் பெற்றோர் தலையில் பாடங்களைக் கட்டுவதாக வந்த புகார்களின் பேரில், தேசியக் குழந்தைகள் உரிமைக் கமிஷன் அதன் தலைவருக்குச் சம்மன் அனுப்பிற்று. 2024 ஜூலையில் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போயிற்று. பிள்ளை டாக்டராகும், இஞ்சினீயராகும் என்ற ஆசையைக் காட்டி வாங்க வைத்த பாடங்கள்! கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நின்றால் நமக்கு அடையாளம் தெரியும். செயலியாக வந்தபோது பலருக்குத் தெரியவில்லை.

மாற்று வழி இல்லையா? பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 2001-ல் தொடங்கிய பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் திட்டத்தை, உபாத்தியாயர்களும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் மல்லுக்கட்டி, பெரிய கம்பெனிகளின் மென்பொருளிலிருந்து விடுவித்தார்கள். லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டாம். தங்கள் மொழியில் தாங்களே திருத்திக்கொள்ளலாம். பாடம் தயாரித்ததும் பயிற்சி கொடுத்ததும் பெரும்பாலும் பள்ளிக்கூட உபாத்தியாயர்களே. 2018-ல் பிள்ளைகளுக்கு 'லிட்டில் கைட்ஸ்' என்று மன்றங்கள் ஆரம்பித்தார்கள். பெட்டியைத் திறந்து ரிப்பேர் பார்க்கவும் படம் தயாரிக்கவும் பிள்ளைகளே பழகினார்கள். அங்கேயும் 2020-ல் வீட்டிலிருந்து படிக்க டெலிவிஷனும் செல்போனும் இல்லாமல் தவித்த பிள்ளைகள் இருந்தார்கள். ஊர் வாசகசாலைகளிலும் பொது இடங்களிலும் டெலிவிஷன் வைத்துச் சமாளித்தார்கள். குறை இல்லாமல் இல்லை. ஆனால் கருவி கம்பெனியின் கையிலிருந்து உபாத்தியாயரின் கைக்கு மாறியது. அதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

தோழர்களே, 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி சர்க்கார் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். பாதிப் பேர் பெண்கள். ஊர்ப் பெரியவர்கள் பெயரை எழுதிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்குவதோடு அது முடிந்துவிடக் கூடாது. நைட் ஷிப்டு முடிந்து வந்தாலும் சரி, அன்றைக்கு அரை நாள் கூலி போனாலும் சரி, கூட்டத்துக்குப் போங்கள். போய், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த வருஷம் தங்கள் கையால் எத்தனை பரிசோதனை செய்தார்கள் என்று கேளுங்கள். பார்த்தது எத்தனை என்று சொல்லுவார்கள். செய்தது எத்தனை என்று மறுபடி கேளுங்கள். உதவியாளர் இடம் காலியா, எத்தனை மாதமாகக் காலி? பழுதான கம்ப்யூட்டரை ரிப்பேர் பார்க்கப் பணம் வந்ததா? புதிதாகப் பலகை வாங்கும் பணத்தில் பத்து அளவைப் பெட்டியும் நாற்பது வெப்பமானியும் வாங்க முடியாதா? தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். விஞ்ஞான உபாத்தியாயரைத் தனியாகப் பார்த்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்றும் கேளுங்கள். அவர் எதிரியல்ல, அவருக்கும் மேலேயிருந்து நெருக்கடி உண்டு, ஓயாத ஆன்லைன் பதிவு வேலை உண்டு. சோதனைச்சாலையின் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக அது திறந்தது எந்தத் தேதியில் என்று பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள்.